பொறுமை எது? பராமுகம் எது?



வலி வந்த மனிதன் கத்துகிறான். கத்தினால் பக்கத்து வீட்டார் ஓடி வருகிறார்கள். காய்ச்சலென்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். காயமென்றால் இரத்தம் தெரியும். ஆனால் ஒருவர் வந்து, "என் கையில் சூடு தெரியவில்லை" என்று சொன்னால் அதற்கு அத்தாட்சி என்ன? காட்டுவதற்குப் புண்ணில்லை. முகத்தில் வேதனையுமில்லை. இருப்பதைக் காட்டச் சொன்னால் காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது?

இந்த விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தேன். எழுதுகிறவன் கடைக்காரன், வைத்தியம் படித்தவனல்லன். கேட்டறிந்ததையும், படித்தறிந்ததையும், என் கடை வாசலில் கண்டதையுமே எழுதுகிறேன். கண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் குற்றமும் ஒன்று உண்டு.

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று போகும் எங்கள் வட்டாரம் ஒரு காலத்தில் முழுக்க ரப்பர்த் தோட்டங்கள். (பெர்ஜுந்தைக்கு இப்பொழுது பெஸ்தாரி ஜெயா என்று பெயர், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலமாயிற்று. லயங்களில் குடியிருந்தவர்களில் பலர் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் போய்விட்டார்கள். ஆயினும் மாதச் சாமான் வாங்கப் பழைய காக்கா கடையையே தேடி வருகிற குடும்பங்கள் இன்னும் சில உண்டு. அப்படி வருகிற ஒரு வீட்டில் ஒரு பெண். அவளுடைய பெயரையும் அவர்கள் இருந்த தோட்டத்தின் பெயரையும் எழுத மாட்டேன். அது அவர்களுடைய அமானிதம்.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது பள்ளிக்கூடச் சட்டை ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதைத் தாயார் கண்டார். ஒரு தோள் உயர்ந்து, மறு தோள் தாழ்ந்திருந்தது. குனியச் சொன்னால் முதுகில் ஒரு பக்கம் மேடு தெரிந்தது. பாட்டிக்கு இதற்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பால்வெட்டுக் காலத்தில் முப்பது வருஷம் காண்டா தூக்கியவர் அவர். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, கம்பைத் தோளில் வைத்து மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தவர். "நான் தூக்கின காண்டாதான் பேத்தி தோள்ல வந்து உக்காந்திருக்கு" என்று சொல்லி அழுவார். கேட்பவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் அந்தப் பெண் தன் வாழ்நாளில் ஒரு நாளும் காண்டாவைத் தொட்டவளல்லள்.

இந்த வளைவுக்கு டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்று பெயர் சொல்கிறார்கள். பருவ வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இஃது உண்டாம். சுமை தூக்குவதாலோ, கோணலாக உட்காருவதாலோ வருவதன்று. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. அத்தகைய வளைவுக்கு "இடியோபதிக்" என்று எழுதுகிறார்கள். கேட்கிறவர்களுக்கு அது ஏதோ ஒரு பெரிய வியாதியின் பெயர் போலத் தோன்றும். விசாரித்தால் அந்த வார்த்தைக்கு அர்த்தமே "காரணம் தெரியவில்லை" என்பதுதான்! அறியாமைக்குக் கிரேக்கத்தில் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள். போகட்டும், தெரியாது என்று எந்தப் பாஷையிலாவது சொன்னார்களே.

வருஷங்கள் கடந்தன. பெண் படித்து முடித்தாள். ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வயதிருக்கும்போது ஒரு நாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகும் வாடை வந்தது. எங்கே என்று சுற்றிலும் தேடினாள். வாடை அவளுடைய சுண்டுவிரல் ஓரத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. யோசித்துப் பார்க்கும்போது சில மாதங்களாகவே அந்தக் கையில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றாகவே இருந்தது நினைவுக்கு வந்தது.

இங்கேதான் சங்கடம் ஆரம்பமாயிற்று. அந்தக் கையை ஒருவர் தொட்டால் அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு இருபது காசையும் ஐம்பது காசையும் தடவியே சொல்லிவிடுவாள். நூலை ஊசியில் கோப்பாள். ஆனால் அந்த ஊசியால் குத்தினால் வலிக்காது. "தொட்டால் தெரிகிறது, சுட்டால் தெரியவில்லையா? இது என்ன கதை?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். வேலைக்குப் போகச் சோம்பல், கலியாணத்துக்கு இஷ்டமில்லை, கவனத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள் என்று ஆளுக்கொரு அபிப்பிராயம். ஒரே கை இரண்டு சாட்சி சொன்னதால் இரண்டுமே பொய் என்று தீர்ப்பாகிவிட்டது.

பொய்யில்லை என்று நம்பியவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. உணர்ச்சியற்ற கை, சுட்டும் வலிக்காத விரல் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரே ஒரு வியாதிதான் ஞாபகத்துக்கு வரும். அதன் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார்கள், "பெருவியாதி" என்பார்கள்.

இதற்குக் காரணமில்லாமலில்லை. எங்கள் ஊரிலிருந்து கோலாலம்பூர் போகும் பாதையில்தான் சுங்கை பூலோ இருக்கிறது. தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் 1926இல் வந்தது. டாக்டர் டிராவர்ஸ் என்பவர் முன்னின்று முயன்றதன் பேரில் 1930இல் சுங்கை பூலோ குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முந்தியிருந்த செத்தாபாக் கொட்டடியை நோக்க இது எவ்வளவோ மேலானது. வீடுகள், தோட்டங்கள், பள்ளிக்கூடம், தொழுகைக்கும் பூஜைக்கும் இடங்கள் எல்லாம் இருந்தன. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தார்கள். நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயரும் உண்டு. இன்று அந்தச் சாலையோரம் பூச்செடி விற்கும் நர்சரிகளைப் பார்க்கிறோமே, அந்தத் தொழில் அங்கு வாழ்ந்தவர்கள் வளர்த்தது. ஆனால் உள்ளே போனவர் திரும்பி வருவதென்பது அபூர்வமாயிருந்தது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துப் போனார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். ஆகவே தோலில் ஒரு வெளிறிய படை கண்டாலும், கை கொஞ்சம் மரத்தாலும், தோட்டத்து டிரெஸருக்குத் தெரியாமல் மறைப்பது வழக்கமாயிற்று. அந்தச் சட்டம் போய்விட்டது. 1981 முதல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் வியாதி தீர்ந்துவிடுகிறது. பெரும்பாலான மக்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி பிறவியிலேயே இருக்கிறது. இவையெல்லாம் வந்தும் பயம் மட்டும் பரம்பரைச் சொத்தாக நின்றுவிட்டது.

அந்தப் பயம் என்னிடமும் இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. மூன்று நான்கு மாத காலம் அந்தப் பெண்ணின் கையில் நான் பாக்கிச் சில்லறை கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்து அவள் பக்கம் தள்ளிவிடுவேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் தாயார் உடன் வந்திருந்தார். நான் தள்ளிய சில்லறையை அவர் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "நீங்களுமா காக்கா?" என்றார். அவ்வளவுதான். சில்லறையை விட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நோயைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று எனக்குத் தோன்றியது அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு என்று ஒருவர் இருந்தார். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூருக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் வியாதியினால் அழுகி விழுகின்றன என்றே அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள். அவர் ஒவ்வொரு காயத்தையும் விசாரித்தார். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியது, செருப்பில் ஆணி ஏறியது தெரியாமல் மைல் கணக்கில் நடந்தது என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சிலருடைய விரல்கள் இரவில் குறைந்துபோயின. காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிறவருக்கு அது தெரியவில்லை. அதற்குப் பின் ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்களாம். வலி என்பது சரீரத்துக்கு வைக்கப்பட்ட காவற்காரன். அந்தக் காவற்காரன் போனால் வீடு கொள்ளை போகும் என்பது அவர் கண்ட முடிவு.

அவருக்கே ஒருமுறை நேர்ந்ததை அவர் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பிரயாணம் முடித்து இங்கிலாந்தில் இறங்கி, ரயிலில் லண்டன் வந்து சேர்ந்த இரவு. உடம்பு சரியில்லை. படுக்கப் போகும்போது காலுறையைக் கழற்றினார், குதிகாலில் உணர்ச்சியில்லை. ஒரு குண்டூசியை எடுத்துக் குத்தினார், தெரியவில்லை. எத்தனையோ பேருக்கு, "இந்த வியாதிக்குப் பயப்படாதீர்கள்" என்று தைரியம் சொன்ன மனிதர் அன்று விடிய விடிய விழித்திருந்தார். மனைவி மக்களை விட்டுப் பிரிய வேண்டுமே, இந்தக் கையால் இனி ஆபரேஷன் செய்ய முடியாதே என்று எண்ணி எண்ணி உருகினார். காலையில் மறுபடி ஊசியைக் குத்தினார், வலியில் கத்திவிட்டார். ரயிலில் நெடுநேரம் கால் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் ஒரு நரம்பு அமுங்கியிருந்தது, வேறொன்றுமில்லை. வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான வலியை அவர் அனுபவித்ததில்லை.

எல்லாம் தெரிந்த டாக்டருக்குக் காரணம் தெரியாத ஒரே இரவு அப்படியிருந்தது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது இரண்டு வருஷம். நாமோ அவளைப் பார்த்து, "பொறுமையாயிரு" என்றோம்.

அந்த இரண்டு வருஷத்தில் அவர்கள் போகாத இடமில்லை. உருவி விடுகிற மலாய்க் கிழவி, சீன வைத்தியர், மந்திரித்த கயிறு, ஓதின தண்ணீர் எல்லாம் ஆயிற்று. ஒரு கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றில் சர்க்கரை பார்த்தார்கள்; இல்லை. தோல் வைத்தியர் உடம்பு முழுதும் பார்த்துப் படையில்லை, முழங்கையில் நரம்பு தடிக்கவுமில்லை, பயந்த வியாதி இதுவல்ல என்று எழுதியே கொடுத்தார். முதுகு வைத்தியம் பார்க்கும் ஓரிடத்தில் எக்ஸ்ரே எடுத்து வளைவை அளந்து, "இதற்கு ஆபரேஷன் தேவையில்லை" என்றார்கள். கை மரத்துப்போவதைச் சொன்னதற்கு, "முதுகு கோணினால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில். மற்ற பதில்களைக் காட்டிலும் இந்தப் பதில்தான் அவளை அதிக நாள் தாமதப்படுத்தியது. பாட்டி சொன்ன காண்டாவைப் போலவே அதுவும் நியாயமாகப் பட்டது. மேற்கொண்டு கேட்க வேண்டிய கேள்வியை மூடிவிட்டது.

உண்மையில் காரணம் தெரியாத அந்தச் சாதாரண வளைவு, இளவயதில் கையை மரக்கச் செய்வதில்லை. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு தேய்ந்து கோணி, கால் நரம்பை அமுக்குவது வேறு. பருவ வயதில் கோணிய முதுகும், சூடு தெரியாத கையும் ஒரே ஆளிடம் இருந்தால், இது அதனால் வந்தது என்று முடிக்காமல், இரண்டும் மூன்றாவது ஒன்றால் வந்ததோ என்று தேட வேண்டும்.

அந்த மூன்றாவது பொருளைப் பற்றி ஒரு பழைய வழக்கு உண்டு. பிரான்சு தேசத்தில் பிரிட்டனி என்னும் கடற்கரைப் பிரதேசத்தில் லானிலிஸ் என்ற சிற்றூரில் மோர்வான் என்று ஒரு டாக்டர் இருந்தார். கைவிரலில் சீழ் பிடித்து, கத்தி வைத்தும் வலிக்காத குடியானவர்களையும் மீனவர்களையும் கண்டு, 1883இல் அதைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு முதுகும் கோணியிருந்தது. இஸ்தான்பூலில் தொழுநோயைப் பற்றிப் பேர் பெற்றிருந்த ஜம்பாகோ பாஷா என்பவர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, இது தொழுநோயே என்று வாதித்தார். பண்டிதர்கள் சண்டையிட்டார்கள். இறந்தவர்களின் தண்டுவடத்தை அறுத்துப் பார்த்தபோது பலருக்கு அதற்குள்ளே நீளமாக ஒரு குழி இருந்தது. 1827இலேயே அந்தக் குழிக்குப் பிரான்சு தேசத்து ஒலிவியே பெயர் வைத்திருந்தார்: சிரிங்கோமயிலியா. ஆக, எங்கள் லயத்தில் நடந்த தவறு ஐரோப்பாவின் சபைகளிலும் நடந்ததுதான். ஆனால் அவர்கள் உள்ளே திறந்து பார்க்கும்வரை கேள்வியை விடவில்லை.

எனக்கு விளங்கிய அளவில் அதன் விவரம் இது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலருக்குச் சிறுமூளையின் அடி நுனி மண்டையோட்டுத் துவாரத்தின் வழியாகக் கழுத்துக்குள் இறங்கி அந்த ஓட்டத்தை அடைக்கிறது. பிராக் நகரத்து ஹான்ஸ் கியாரி 1891இல் இதை எழுதினார். அவர் பெயராலேயே சொல்கிறார்கள். அடைபட்டால் தண்டுவடத்தின் நடுவே நீர் கோத்துக் குழியாகிவிடலாம். சூட்டையும் வலியையும் சுமக்கும் நரம்புகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்குமிடம் சரியாக அந்த நடுவிடந்தான். தொடுகையைச் சுமக்கும் நரம்புகளோ பின்புறமாகவே மேலே போய்விடுகின்றன. குழி பெருக்கும்போது முதலில் கெடுவது கடக்கிற நரம்புகள். எனவே தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. முதுகைத் தாங்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் பாதிக்கப்படுவதால் எலும்பு கோணுகிறது என்று கருதுகிறார்கள்.

சகோதரர்களே, பொய்க்கு அடையாளம் என்று நாங்கள் எதைப் பிடித்துக்கொண்டோமோ, அதுவே நோய்க்கு அடையாளமாயிருந்தது. அவள் பொய் சொல்ல நினைத்திருந்தால் கை முழுதும் மரத்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லியிருப்பாள்; நம்பியுமிருப்போம். உள்ளதை உள்ளபடி சொன்னதால் நம்பவில்லை. ஒருவருடைய உடம்பில் உள்ளே நடப்பதற்கு அவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சாட்சியைத் தள்ளுவதென்றால் காரணம் வேண்டும் என்பது மார்க்கத்திலும் உள்ள நியாயம், கோர்ட்டிலும் உள்ள நியாயம். நமக்கு விளங்கவில்லை என்பது ஒரு காரணமாகுமா?

இந்த விஷயத்தில் எங்கள் கடை பெஞ்சில் உட்காரும் ஒரு ஹாஜியாருக்கும் எனக்கும் நீண்ட வாதம் நடந்தது. அவர் நல்ல மனிதர்; அந்தக் குடும்பத்துக்கு அரிசி கொடுத்து உதவியவர். "தம்பி, நோய் கொடுத்தவன் அல்லாஹ். நஸீபை ஏற்றுக்கொண்டு சபூராக இருப்பதை விட்டுவிட்டு, பெயரைத் தேடி ஊரூராக அலைவதில் என்ன பிரயோஜனம்?" என்றார்கள். பொறுமையைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் மத்ரஸாவில் அய்யூப் நபி (அலை) அவர்களின் சரித்திரத்தை ஓதும்போது உஸ்தாது ஒன்றைச் சொல்வார்கள். பொறுமைக்கு எடுத்துக்காட்டான அந்த நபி, தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இரட்சகனிடம் வாய்திறந்து சொன்னார்கள். சுகமாயிருக்கிறேன் என்று நடிக்கவில்லை. பதிலாக வந்ததும், காலால் தரையைத் தட்டும்படி ஒரு கட்டளை; தட்டினார்கள், நீர் வந்தது. நோயாளி காலையாவது அசைக்க வேண்டியிருந்தது. மருந்து செய்துகொள்ளலாமா என்று வந்து கேட்ட கிராமத்து அரபிகளையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை, செய்துகொள்ளவே சொன்னார்கள்.

அன்றியும், வலியைப் பொறுப்பதென்றால் அங்கே பொறுக்க ஒரு வலி இருக்கிறது. மரத்த கையில் எதைப் பொறுப்பது? காவற்காரன் ஓடிப்போன வீட்டில் திருடன் வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கலாமா? மேலும் அவளைப் பொறுமையாயிரு என்று சொன்ன எங்களுக்கு அதனால் ஒரு சௌகரியம் கிடைத்தது: நாங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிறருடைய பொறுமையினால் நமக்கு ஓய்வு கிடைக்குமானால் அந்த உபதேசத்தைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

ஹாஜியார் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. தேடி அலைவதிலும் ஆபத்துண்டு. நகை அடகுக்குப் போகிறது, நம்பிக்கை தேய்கிறது. போகிற இடமெல்லாம் ஒரு புதுப் பெயர் வைக்கிறார்கள். பெயர் வைத்தவனுக்குத்தான் காசு. தெரியாது என்று சொல்பவனுக்கு யார் கொடுக்கிறார்கள்? இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்ட பல கேள்விகளுக்குத் தெரியாது என்றே பதில் சொன்னார்கள் என்று ஓதியிருக்கிறோம். அந்தப் பதில் அவர்களுடைய மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனால் தெரியாது என்பதிலும் இரண்டு விதமிருக்கிறது. "தெரியாது, போய் வா" என்பது ஒன்று. "எனக்குத் தெரியாது, இன்னாரிடம் போ, அவர் சொன்னதை எனக்கு வந்து சொல்" என்பது மற்றொன்று. அவளுக்கு முதல் விதம் நிறையக் கிடைத்தது.

இரண்டாம் விதம் கடைசியில் ஒரு சிறு வயது டாக்டரிடமிருந்து கிடைத்தது. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பார்த்ததுதான். அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன் அவள் சொன்னதை முழுதும் கேட்டார். இருமினால் பின்மண்டை வலிக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றாள். இதுவரை யாரும் கேட்டதில்லை. இரண்டு குழாயில் வெந்நீரும் குளிர்நீரும் வைத்துத் தோளிலிருந்து விரல்வரை தொட்டுப் பார்த்தார். பிறகு படுக்கச் சொல்லி, ஒரு குச்சியின் முனையால் வயிற்றில் நாலு பக்கமும் மெல்லக் கீறினார். நல்ல உடம்பில் கீறின பக்கம் தொப்புள் லேசாக இழுபடுமாம். அவளுக்கு ஒரு பக்கம் இழுத்தது, மறுபக்கம் அசையவில்லை. "எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இது முதுகெலும்பினால் மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை" என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குச்சிக்கு ஒரு காசும் செலவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. அதைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். அந்த வழியைக் கண்ட லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவளுக்குத் தவணை கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. படத்தில் கழுத்திலிருந்து நடுமுதுகு வரை தண்டுவடத்துக்குள்ளே நீர்க்குழி நீண்டிருந்தது. சிறுமூளையின் நுனியும் இறங்கியிருந்தது. மண்டையோட்டின் அடியில் எலும்பைக் கொஞ்சம் எடுத்து இடம் விட்டுவிடுகிற ஆபரேஷனைச் செய்தார்கள். மேலும் கெடாமல் நிறுத்துவதே முக்கிய நோக்கம். போன உணர்ச்சி எல்லாம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்கள். அப்படியே ஆயிற்று. தலைவலி நின்றது. கையில் சூடு இன்றும் தெரியவில்லை. முதுகின் வளைவும் இருக்கிறபடி இருக்கிறது.

வாசகர்கள் இதைப் படித்துவிட்டுக் கை மரத்த எல்லாருக்கும் இந்த வியாதிதான் என்று எண்ணிவிடக் கூடாது. இது அபூர்வம். நம்மவர்களுக்குக் கை கால் மரத்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. மணிக்கட்டில் நரம்பு அமுங்கலாம், கழுத்தெலும்பு தேயலாம், சத்துக் குறைவாலும் வரலாம், தொழுநோயாகவே இருந்தாலும் அதற்கும் இன்று மருந்துண்டு. ஆனால் முதுகு கோணிய பிள்ளைக்கு உணர்ச்சி குறைவதாகச் சொன்னால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். காலில் திடீரென்று பலம் குறைந்தாலும், சிறுநீர் கட்டுக்கடங்காமல் போனாலும், அடைத்துக்கொண்டாலும் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத் தாயார் கடைக்கு வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அரைக்கிலோ மிளகாய்த் தூள் கேட்டார். ஹாஜியார் பெஞ்சில் இருந்தார்கள். "உணர்ச்சி திரும்பவில்லையே அம்மா. இவ்வளவு அலைந்து பெயர் தெரிந்ததில் என்ன லாபம்?" என்று பரிவோடுதான் கேட்டார்கள். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்து, "இல்லீங்க ஐயா, முன்னே ராத்திரி தூங்கறப்ப நான் போயி அவ விரலை எண்ணிப் பார்ப்பேன். இப்ப எண்றதில்லே" என்றார். ஹாஜியார் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண் துணிக்கடை வேலைக்கே திரும்பிவிட்டாள். இஸ்திரி போடுவதை வேறொருவர் செய்கிறார். குளிக்கும் தண்ணீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கனமான துணி வேண்டுமென்று கேட்டாள்; கிள்ளானிலிருந்து தருவித்துக் கொடுத்தேன். பாக்கிச் சில்லறையை அவள் கையிலேயே கொடுக்கிறேன். எண்ணாமலே வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறாள். அடுத்த எம்.ஆர்.ஐ. தவணை வருகிற மாதம். அன்று தாயாருக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காதாம். என் வீட்டார் கூடப் போகிறார்கள்.